புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்ச்: வரலாறும் பழுதறியும் முறையும்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பின்சக்கரத்தோடு வேண்டும்போது சேர்க்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் உதவும் உறுப்பு கிளட்ச். பாடநூல்கள் இதற்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கித் தந்திருந்தாலும், பட்டறையிலும் சாலையிலும் கிளட்ச் என்பதே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. அதிலும் வலது காலால் கியர் மாற்றும் பழைய நான்கு கியர் வண்டி. இங்கிலாந்தில் பிறந்து, திருவொற்றியூரில் நெடுங்காலம் வளர்ந்து, இன்றும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டி அது. அதன் கிளட்ச் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் தகராறு செய்கிறது என்பதும் பாதி விளங்கிவிடும்.

கிளட்ச் இல்லாத காலம்

விற்பனைக்கென்று வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் 1894இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்யப்பட்டது. ஹில்டபிராண்ட், வோல்ஃப்முல்லர் ஆகியோரின் பெயரில் வந்த அந்த வண்டியில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. நீராவி ரயில் எஞ்சினில் இருப்பதுபோல, பிஸ்டனிலிருந்து வரும் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தையே சுற்றின. எஞ்சின் ஓடினால் சக்கரம் ஓடும்; சக்கரம் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த வண்டிகள் பெரும்பாலும் தோல் பெல்ட்டால் ஓடின. அவற்றிலும் நிலைமை இதுதான். ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் பற்றிக்கொண்டதும் தாவி ஏறி உட்கார வேண்டும். குறுக்கே மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ வந்தால் எஞ்சினை அணைத்து நிறுத்தி, மறுபடி தள்ளி ஓட வேண்டும். இளைஞர்களுக்கு இது வீரமாக இருந்திருக்கலாம். பையோடு புறப்படும் மருத்துவருக்கோ வயதான பாதிரியாருக்கோ அப்படி இருந்திருக்காது. மோட்டார் சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து எல்லோருக்குமான வாகனமாக மாறியதற்குக் கிளட்ச் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

1911 வாக்கில் டிரையம்ஃப் நிறுவனம் பின்சக்கரத்தின் நடுக்குடத்திலேயே பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்சை வைத்து விற்றது. வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அதற்குக் கட்டற்ற எஞ்சின் என்னும் பொருளில் பெயர் வைத்தார்கள். அதே 1911இல் மான் தீவுப் பந்தயம் முதன்முறையாக மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. பெரிய வண்டிகளுக்கான போட்டியில் அமெரிக்காவின் இந்தியன் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அவற்றில் இரண்டு கியர்களும், பெல்ட்டுக்குப் பதிலாகச் செயினும் இருந்தன. பெல்ட்டை நம்பியிருந்த ஆங்கிலேய நிறுவனங்களுக்கு அது ஒரு பாடம்.

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு நிறுவனம் அதற்குள்ளாகவே வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய இரண்டு கியர் அமைப்பில் எஞ்சினிலிருந்து இரண்டு செயின்கள் வந்தன. ஒவ்வொரு செயினுக்கும் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் ஒரு கிளட்ச் இருந்தது. ஒன்றைப் பிடிக்கவிட்டால் முதல் கியர், மற்றதைப் பிடிக்கவிட்டால் இரண்டாம் கியர், இரண்டையும் விட்டுவிட்டால் நியூட்ரல். கிளட்சும் கியரும் ஒன்றேயான அழகான ஏற்பாடு அது. கியர்கள் மூன்றும் நான்குமாகப் பெருகியபோது அந்த வழி மேலே போக முடியாமல் நின்றது. தனிக் கியர் பெட்டியும், அதன் தலைமாட்டில் தட்டுக் கிளட்சும் என்ற இன்றைய முறை நிலைபெற்றது.

பல தட்டுகள் ஏன்

தட்டுக் கிளட்சுக்கு வழிகாட்டியவர்களுள் ஹென்றி செல்பி ஹீல்-ஷா என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் முக்கியமானவர். லிவர்பூலில் பொறியியல் கற்பித்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெயில் மூழ்கிய பல உலோகத் தட்டுகளை அடுக்கி ஒரு கிளட்சை அமைத்தார்.

ஒரே ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாகப் பல சிறிய தட்டுகள் ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உராய்வு விசை இரண்டு பரப்புகளை அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பக்கம் அழுத்தினால், அதே அழுத்தம் எல்லாத் தட்டுகளின் ஊடாகவும் கடந்து போகிறது. ஒவ்வொரு ஜோடிப் பரப்பிலும் அதே அளவு உராய்வு தோன்றுகிறது. பரப்புகள் எத்தனையோ அத்தனை மடங்கு பிடிப்பு. ஸ்பிரிங்கைக் கடினமாக்காமலே பிடிப்பைக் கூட்டலாம். இடது கை விரல்களால் இழுத்து விடும் அளவுக்கு லீவரும் இலேசாக இருக்கும். வகுப்பில் இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்து, இரண்டு மாணவர்களை இழுக்கச் சொல்வேன். கடைசி வரிசையின் பலசாலிகளுக்கும் அது பிரிந்து வராது. கிளட்சோடு முழுதும் பொருந்தும் உவமை அல்ல என்றாலும், பரப்புகளின் எண்ணிக்கைக்கு உள்ள வலிமையை அது கையால் உணர வைக்கும்.

ரெடிட்சிலிருந்து திருவொற்றியூருக்கு

புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இன்று நாம் அறிந்த உருவம், அதாவது பின்பக்க ஷாக் அப்சார்பரோடு கூடிய 346 சிசி வண்டி, 1940களின் இறுதியில் வந்தது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். கியர் பெட்டி பர்மிங்காமின் ஆல்பியன் நிறுவன வகை. 1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1970க்குள் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

பழைய வடிவமைப்பு இப்படி மாறாமல் நீடித்ததில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. நன்மை, தந்தை கற்ற வேலை மகனுக்கும் பயன்பட்டது. தீமை, 1950களின் குறைகளும் அப்படியே நீடித்தன. கிளட்ச் முழுதும் விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் நியூட்ரல் விழாது என்பது பழைய ஆங்கிலேய வண்டிகளில் பலரும் சொன்ன குறை. ஆல்பியன் பெட்டியில் இதற்கென்றே குதிகாலால் மிதிக்கும் ஒரு சிறு பெடல் உண்டு. கிளட்சைப் பிடித்துக்கொண்டு அதை மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடலாம். நியூட்ரல் ஃபைண்டர் என்ற அந்தப் பெடலைப் பலர் புல்லட்டின் தனிச் சிறப்பு என்று புகழ்கிறார்கள். கிளட்சின் குறையை மறைக்க வைத்த கைத்தடி என்றும் அதைச் சொல்லலாம்.

அதே காலத்தில் மைசூரில் தயாரான ஜாவா வண்டி வேறு வழியை எடுத்தது. அதில் கியர் பெடலை மிதித்தாலே கிளட்சும் தானாக விடுபடும். ஜப்பானில் ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்று எண்ணிச் செய்தது அது. புல்லட் மட்டும் எல்லாவற்றையும் ஓட்டுபவரின் இடது கையிடமே விட்டுவைத்தது.

விசை செல்லும் வழி

பழுதைத் தேடுமுன் வழியை அறிய வேண்டும். எஞ்சினின் கிராங்க் முனையில் ஒரு பற்சக்கரம். அதிலிருந்து இரட்டைச் செயின் ஒன்று கிளட்சின் வெளிக்கூடையைச் சுற்றுகிறது. இவை இரண்டும் வண்டியின் இடப்பக்கம் ஒரு மூடிய பெட்டியில், எண்ணெயில் இருக்கின்றன. கூடையோடு சேர்ந்து சுற்றுபவை உராய்வுத் தட்டுகள். பட்டறையில் இவற்றைத்தான் கிளட்ச் பிளேட் என்பார்கள். அவற்றுக்கு இடையிடையே, உள்மையத்தோடு சேர்ந்து சுற்றும் எஃகுத் தட்டுகள். அந்த மையம் கியர் பெட்டியின் முதன்மைத் தண்டில் பூட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பிரஷர் பிளேட்டும் அதை அழுத்தும் ஸ்பிரிங்குகளும்.

கியர் பெட்டியின் முதன்மைத் தண்டு உள்ளே துளையுடையது. அத்துளை வழியாக ஒரு நீண்ட கம்பி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வருகிறது. இதற்குப் புஷ் ராடு என்று பெயர். கைப்பிடியில் லீவரை இழுத்தால், கிளட்ச் வயர் வலப்பக்கம் கியர் பெட்டியில் உள்ள ஒரு சிறு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு பிரஷர் பிளேட்டைத் தூக்கும். தட்டுகள் விடுபடும். பெரும்பாலான மற்ற பழைய வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான். சரிசெய்யும் திருகு இருக்கும் இடம் மட்டும் மாறும். பழைய டிரையம்ஃபில் அது பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும். புல்லட்டில் வலப்பக்கம் கியர் பெட்டி மேல் உள்ள சிறு மூடிக்குள் இருக்கிறது.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கும்போது புஷ் ராடு எதையும் அழுத்தக்கூடாது. அதற்கு ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். லீவரில் நாம் உணரும் தளர்வு அதன் அடையாளம். லீவரின் அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தளர்வாக ஆடிவிட்டு, அதன் பிறகே கனம் தெரிய வேண்டும்.

வயர் நாளடைவில் நீளும். அப்போது தளர்வு கூடும். தட்டுகள் தேய்ந்து மெலிந்தால் பிரஷர் பிளேட் உள்வாங்கும். அது புஷ் ராடை வலப்பக்கம் நோக்கித் தள்ளும். அப்போது தளர்வு குறையும். இரண்டு தேய்மானங்களும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. இரண்டும் சேர்ந்து நடக்கும்போது லீவர் பழையபடியே இருப்பதாகத் தோன்றும், ஆனால் உள்ளே தட்டுகள் தேய்ந்துகொண்டே போகும். லீவரை மட்டும் தொட்டுப் பார்த்துக் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நழுவலா, இழுவையா

கிளட்சின் நோய்கள் பல பெயர்களில் சொல்லப்பட்டாலும் பெரும்பாலானவை இரண்டில் அடங்கும். பிடிக்க வேண்டியபோது பிடிக்காமல் நழுவுவது ஒன்று. விட வேண்டியபோது விடாமல் இழுப்பது மற்றது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் நோய் முற்றும். நியூட்ரல் விழவில்லை என்று வரும் வண்டிக்கு எதையும் பார்க்காமல் வயரை இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். தளர்வு முழுதும் போய்விட்டால் புஷ் ராடு எப்போதும் பிரஷர் பிளேட்டை இலேசாகத் தூக்கிக்கொண்டே இருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தட்டுகள் கருகும். எங்கள் பகுதியில் கூரியர் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் ஒரே ஆண்டில் இரண்டு முறை புதுத் தட்டுகள் போட்டுக்கொண்டார். இரண்டு முறையும் ஒரே பட்டறை, இரண்டு முறையும் இறுக்கிய வயர். அவருக்கு அது அரை மாதச் சம்பளம்.

நழுவலின் அடையாளம் இது. டாப் கியரில் ஏற்றத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் உயரும், வேகம் உயராது. சத்தமும் உயராமல் வேகமும் உயராவிட்டால் குறை எஞ்சினில். கிளட்சைத் தொட வேண்டாம். ஒரு லாரியை முந்தும் நேரத்தில் இது தெரியவந்தால் ஆபத்து. ஆகவே காலியான சாலையில் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

புல்லட்டில் வேறொரு சோதனையும் உண்டு. கிக்கரை மிதிக்கும்போது காலின் விசை கியர் பெட்டி, கிளட்ச், செயின் என்ற வழியாகவே எஞ்சினைச் சேர்கிறது. கிளட்ச் நழுவினால் கிக்கர் வழவழவென்று கீழே இறங்கும், எஞ்சின் சுற்றாது. ஆனால் கிக்கரின் பற்கள் தேய்ந்திருந்தாலும் கிக்கர் வீணே இறங்கும். எது என்று பிரித்தறிய, எஞ்சினை அணைத்து, வண்டியை டாப் கியரில் போட்டு, கிளட்ச் லீவரைத் தொடாமல் முன்னே தள்ளிப் பாருங்கள். எஞ்சினின் அழுத்தம் தடுத்து நிறுத்தினால் கிளட்ச் பிடிக்கிறது, குறை கிக்கரில். எஞ்சின் சுற்றாமல் வண்டி மட்டும் உருண்டால் கிளட்ச் நழுவுகிறது.

இழுவை வேறு விதமாகத் தெரியும். லீவரை முழுதும் பிடித்து முதல் கியர் போட்டால் பெரிய சத்தத்தோடு விழும். நின்ற இடத்தில் வண்டி முன்னே ஊர்ந்து போகப் பார்க்கும். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. எஞ்சினை அணைத்ததும் சுலபமாக விழும். ரயில்வே கேட்டில் கூட்டத்தின் நடுவே நிற்கும்போது வண்டி தானே முன்னே நகர்வது சின்ன விஷயம் அன்று.

வெளியிலிருந்து உள்ளே

பழுதைத் தேடும் ஒழுங்கு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் வயர். லீவரை இழுத்தபடி, மறுமுனையில் கியர் பெட்டியின் நெம்புகோல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். லீவர் முழுதும் வந்தும் நெம்புகோல் பாதிதான் நகர்கிறது என்றால் குற்றவாளி வயர்தான். வயரின் வெளிக்குழாய் சுருங்கி மடங்கியிருக்கலாம், முனையில் இழைகள் அறுந்திருக்கலாம், டேங்குக்கு அடியில் கூர்மையாக வளைந்திருக்கலாம். ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதும் திருப்பும்போது லீவரின் தளர்வு மாறினால் வயர் போகும் பாதை தவறு. லீவர் கனமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கைக் குறை சொல்பவர்கள், வயரில் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்ததே இல்லை. நெடுந்தூரம் போகும் பழைய ஓட்டுநர்கள் ஓடும் வயருக்குப் பக்கத்திலேயே புது வயர் ஒன்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் இரு முனைகளையும் மாட்டினால் போதும்.

அடுத்தது சரிசெய்தல். இதை எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் செய்ய வேண்டும். முதலில் வயரின் திருகை நன்றாகத் தளர்த்தி, வயர் தொய்வாகும்படி விடுக. வலப்பக்கம் கியர் பெட்டியின் சிறு மூடியைக் கழற்றினால், லாக் நட்டோடு கூடிய திருகு தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை மெதுவாக உள்ளே திருப்புக. புஷ் ராடைத் தொட்டதும் ஒரு தடை தெரியும். அந்த இடத்தில் நிறுத்திக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னே எடுக்க வேண்டும். திருகு நகராமல் ஸ்குரூ டிரைவரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குக. இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றிவிட்டால் செய்த வேலை வீண். மறுபடி தொடங்க வேண்டும். பிறகுதான் வயரின் திருகுக்கு வந்து, லீவரில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு வரும்படி வைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். உள்ளே திருகை விட்டுவிட்டு வயரை மட்டும் இறுக்கினால் நெம்புகோல் தவறான கோணத்தில் நின்று, இழுக்கும் தூரம் வீணாகும். பத்து வண்டிகளில் பாதியாவது இந்த ஒரே வேலையில் குணமாகிவிடும் என்பது என் அனுபவம்.

அதற்கும் அடங்காவிட்டால் எண்ணெய். கிளட்ச் பெட்டியின் எண்ணெய் எஞ்சின் எண்ணெயிலிருந்து தனியானது. அரை லிட்டருக்கும் குறைவு. அளவைக் காட்டும் திருகைக் கழற்றி மட்டத்தைப் பார்க்க வேண்டும். கிராங்கின் பக்கமிருந்து எஞ்சின் எண்ணெய் கசிந்து வந்தால் மட்டம் தானாகவே உயரும். காருக்கென்று விற்கும் சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கின்றன. உராய்வையே நம்பி வாழும் கிளட்சுக்கு அவை ஆகாது. தட்டுகள் புதிதாக இருந்தாலும் நழுவும். மாறாக, கெட்டியான பழைய எண்ணெய் தட்டுகளைப் பசைபோல ஒட்டி இழுவையைத் தரும். குளிர்ந்த காலையில் இழுத்து, எஞ்சின் சூடானதும் சரியாகிவிடும் கிளட்சுக்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். சூடான பின்னும் இழுத்தால் காரணம் உள்ளே இருக்கிறது.

மூடியைத் திறந்தபின்

இடப்பக்க மூடியைத் திறக்கக் கால் வைக்கும் கம்பியையும் பிரேக் பெடலையும் கழற்ற வேண்டும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் முழுதும் கொட்டும். இந்தப் பெரிய மூடியை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. எண்ணெய் ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கியதால் வளைந்துபோன மூடிகள் ஏராளம். ஒழுகலுக்கு மருந்து ரப்பர் சீலை மாற்றுவதுதான்.

திறந்தபின் உடனே தட்டுகளை உருவிவிடாமல், லீவரை ஒருவரை இழுக்கச் சொல்லிப் பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் எழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுந்தால் மறுபக்கத்தில் தட்டுகள் விடுபடா. ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வரிசையாக நிற்க வைத்தால் எது குட்டை என்று கண்ணுக்கே தெரியும். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுவதே முறை. பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளில் ஸ்பிரிங் நட்டுகளைத் தனித்தனியே திருகிச் சமன்செய்யும் வசதி உண்டு.

பிளேட் சமமாக எழுந்தும் இழுவை இருந்தால் எஃகுத் தட்டுகளை ஒவ்வொன்றாக அதே கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்த தட்டு ஆடும். நீலம் பாய்ந்த தட்டு சூடேறிய தட்டு. பிறகு கூடையின் பள்ளங்கள். உராய்வுத் தட்டின் காதுகள் ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்துக் கூடையின் ஓரத்தில் சிறு குழிகளை ஏற்படுத்தியிருக்கும். தட்டு விலக முயலும்போது அந்தக் குழியில் சிக்கி நிற்கும். புதுத் தட்டு போட்டும் தீராத இழுவைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆழமில்லாத குழிகளை அரத்தால் ஒரே சீராக ராவலாம். ஆழமானால் கூடையை மாற்ற வேண்டியதுதான். நிறைய ராவினால் தட்டுகள் தளர்ந்து ஆடி மேலும் இடிக்கும். கூடையைக் கையால் பிடித்து ஆட்டியும் பார்க்க வேண்டும்; அதன் பேரிங் தேய்ந்திருந்தால் மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தாலும் கிளட்ச் கோணலாகவே விடுபடும்.

அதே சமயம் இரட்டைச் செயினையும் பார்த்துவிடலாம். புல்லட்டின் கியர் பெட்டி எஞ்சினின் பின்புறத்தோடு நேராகப் பூட்டப்பட்டது, நகராது. ஆகவே செயினின் தொய்வை அடியிலிருந்து தாங்கும் ஒரு சறுக்குப் பட்டையால் மட்டுமே சரிசெய்ய முடியும். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் தொய்வைப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும்படி வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால் இறுக்கமான இடத்தில் செயின் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும்.

உராய்வுத் தட்டுகளின் கதையும் இங்கே சொல்லத்தக்கது. பழைய ஆங்கிலேயக் கிளட்சுகளில் தட்டில் துளையிட்டுக் கார்க் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். பாட்டில் மூடும் அதே கார்க்தான். எண்ணெயில் ஊறினாலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சூடேறினால் கருகும். பின்னர் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள்கள் வந்தன; அவற்றில் நெடுங்காலம் கல்நார் கலந்திருந்தது. எந்தக் காலத்துத் தட்டு என்று தெரியாத பழைய தட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும், காற்றடித்து ஊதுவதும் நுரையீரலுக்குக் கேடு. பட்டறைகளில் இன்றும் இதைச் செய்கிறார்கள். அங்கே வேலை பழகும் பையன்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். தட்டைத் துடைக்க வேண்டுமானால் ஈரத்துணி போதும்.

பின்வந்த மாற்றங்கள்

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஐந்து கியரும் இடது கால் மாற்றமும் வந்தன. நியூட்ரல் ஃபைண்டர் மறைந்தது. 2010 வாக்கில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் இடத்தைப் பிடித்தது. ஆனால் நான்கு கியர் வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை. அவற்றுக்குத் தட்டுகளும் ஸ்பிரிங்குகளும் இன்றும் கிடைக்கின்றன. தரம்தான் கடைக்குக் கடை மாறும். வாங்கும்போது எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, பழைய அடுக்கின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், லீவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டி வைக்கலாம்; தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா. தினமும் ஓடும் வண்டிக்கு அது வேண்டியதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மிதித்தால், இரவில் ஒட்டிய தட்டுகள் பிரிந்துவிடும். அதன் பிறகு போடும் முதல் கியர் சத்தமில்லாமல் விழும்.